சிறுநீர்க் கசிவுக்கான அறுவை சிகிச்சையும் அதன் பின்விளைவுகளை அறிந்த வரலாறும்

சிறுநீர்க் கசிவு என்பது ஒருவரின் கட்டுப்பாட்டை மீறிச் சிறுநீர் வெளியேறும் நிலையாகும். இருமும்போதும் தும்மும்போதும் பாரம் தூக்கும்போதும் ஒழுகினால் அது அழுத்தக் கசிவு. அடக்க முடியாத அவசரம் தோன்றி, கழிப்பறையை அடைவதற்குள் வெளியேறினால் அது அவசரக் கசிவு. சிலருக்கு இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கும். இரவு பகல் பாராமல் இடைவிடாது ஒழுகினால், சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே துளை விழுந்திருக்கக்கூடும். இத்துளை ஃபிஸ்டுலா எனப்படும்.

இவற்றுள் அழுத்தக் கசிவுக்கும் ஃபிஸ்டுலாவுக்குமே பெரும்பாலும் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. நூற்று எழுபது ஆண்டுகளாக வளர்ந்துவந்துள்ள இச்சிகிச்சை, எண்ணற்ற பெண்களை ஈரத்துணியிலிருந்தும் நாணத்திலிருந்தும் விடுவித்துள்ளது. ஆனால் ஒவ்வொரு புதிய முறையும் தனக்கே உரிய சில தொல்லைகளையும் உடன் கொண்டுவந்தது. அவற்றை முதலில் உணர்ந்தவர்கள் நோயாளிகள். அவர்கள் சொன்னதை மருத்துவ உலகம் ஏற்பதற்குப் பல நேரங்களில் ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. எந்த அறிகுறியை எப்போது பொருட்படுத்த வேண்டும் என்று இன்று தெளிவாகச் சொல்ல முடிவதற்கு அந்த அனுபவமே அடிப்படை.

கரிசல் வட்டாரமும் வெளியே சொல்லாத நோயும்

தூத்துக்குடி மாவட்டத்தில், மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையில், எட்டயபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே அமைந்த ஊர் எப்போதும்வென்றான். கோவில்பட்டியிலிருந்து இப்பகுதிவரை பரந்து கிடப்பது மானாவாரிக் கரிசல் நிலம். பருத்தி, உளுந்து, கம்பு, மக்காச்சோளம், மிளகாய் ஆகியவை இங்கே விளைகின்றன. விதைப்பு, களையெடுப்பு, அறுவடை ஆகியவற்றில் பெரும்பங்கு பெண்களுடையது. தீப்பெட்டித் தொழிலிலும் பெண்களே மிகுதி. தண்ணீர்த் தட்டுப்பாடு பழகிப்போன இவ்வட்டாரத்தில் குடம் சுமப்பதும் அன்றாட வேலை. 15 லிட்டர் கொள்ளும் குடம் நிறைந்தால் 15 கிலோ எடை. அதை இடுப்பில் ஏற்றும் ஒவ்வொரு முறையும் அடிவயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது.

பிரசவங்களால் தளர்ந்த இடுப்படித் தசைகள் இவ்வழுத்தத்தைத் தாங்க முடியாதபோது சிறுநீர் கசிகிறது. சிலருக்குக் கருப்பையும் கீழிறங்குகிறது. "இருமினா ஒண்ணுக்கு வந்துருது", "அடி எறங்கிருச்சு" என்று மதினியிடம் மெல்லச் சொல்லும் பெண்கள்கூட மருத்துவரிடம் சொல்லத் தயங்குவதுண்டு. இந்தத் தயக்கம் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் தொடர்ந்தால் அது ஆபத்தாகிவிடும்.

ஃபிஸ்டுலா தந்த முதல் பாடம்

ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் வாழ்ந்த ஹென்ஹெனித் என்ற அரசகுலப் பெண்ணின் பதப்படுத்தப்பட்ட உடலில், சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே துளை இருந்ததை 1935இல் டெர்ரி என்ற உடற்கூற்றியல் அறிஞர் பதிவு செய்தார். பிரசவம் நாட்கணக்கில் நீண்டு, குழந்தையின் தலை இடுப்பெலும்பில் சிக்கிக்கொண்டால், இடையில் நசுங்கும் திசு இரத்த ஓட்டமின்றி அழுகித் துளையாகிறது.

இத்துளையை மூடும் நம்பகமான முறையை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜேம்ஸ் மேரியன் சிம்ஸ் 1845 முதல் 1849 வரை உருவாக்கினார். வெள்ளிக் கம்பித் தையலைக் கையாண்ட அவர் தம் முறையை 1852இல் வெளியிட்டார். அவர் சோதித்துப் பார்த்தது அனார்க்கா, பெட்சி, லூசி முதலிய அடிமைப் பெண்களின் மீது. 1846இல் ஈதர் மயக்கமருந்து வெளியுலகுக்கு அறிமுகமான பின்னரும் அப்பெண்களுக்கு அது தரப்படவில்லை. அனார்க்காவுக்கு ஏறத்தாழ 30 முறை அறுவை நடந்தது. நெடுங்காலம் 'மகளிர் மருத்துவத்தின் தந்தை' எனப் போற்றப்பட்ட சிம்ஸின் சிலை, 2018 ஏப்ரலில் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவிலிருந்து அகற்றப்பட்டது. இத்துறையின் தொடக்கத்திலேயே நோயாளியின் வலியும் ஒப்புதலும் கணக்கில் கொள்ளப்படவில்லை என்பதற்கு இவ்வரலாறு சான்று.

தமிழகத்தில் இத்தகைய துன்பத்தைக் குறைத்ததில் மருத்துவமனைப் பிரசவத்தின் பங்கு பெரிது. சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற மேரி ஷார்லீப், திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப்படும் மகளிர் மருத்துவமனையை 1885இல் நிறுவினார். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகப் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவமனைகளில் நடந்தன. இதனால் பிரசவத்தால் வரும் ஃபிஸ்டுலா அரிதாகிவிட்டது. எனினும் கருப்பை அகற்றுதல் போன்ற இடுப்பறை அறுவைகளுக்குப் பின் ஃபிஸ்டுலா ஏற்பட வாய்ப்புண்டு. ஆகவே அறுவைக்குப் பின் இடைவிடாது ஒழுகும் சிறுநீர் இன்றும் எச்சரிக்கை அறிகுறியே.

தையல் முறைகளின் காலம்

அழுத்தக் கசிவுக்கான அறுவை இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஹோவர்டு கெல்லி, சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதித் திசுவை யோனி வழியாக மடித்துத் தைக்கும் முறையை 1913–14இல் விளக்கினார். எளிய முறைதான்; ஆனால் பலருக்குச் சில ஆண்டுகளில் கசிவு திரும்பியது.

1949இல் மார்ஷல், மார்க்கெட்டி, கிரான்ட்ஸ் ஆகிய மூவர், சிறுநீர்ப்புறவழியை ஒட்டிய திசுவை இடுப்பு முன்னெலும்பின் பின்புறத்தோடு சேர்த்துத் தைக்கும் முறையை வெளியிட்டனர். இம்முறையில் சிலருக்கு அவ்வெலும்பில் அழற்சி உண்டாகி, நடக்கவே முடியாத அளவுக்கு வலி வந்தது. 1961இல் ஜான் பர்ச், தையலை எலும்புறையில் போடாமல் அருகிலுள்ள உறுதியான தசைநாரில் போட்டார். எலும்பு அழற்சித் தொல்லை இதில் குறைந்தது. ஆனால் யோனியின் முன்சுவர் உயர்த்தப்பட்டதால் பின்பகுதி தளர்ந்து, சிலருக்குக் குடல் சரிவு ஏற்பட்டது. பர்ச் தம் நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்து இதைத் தாமே பதிவு செய்தார். தன் முறையின் குறையைத் தானே எழுதிவைத்த அந்த நேர்மை பின்னாளில் வந்தவர்களுக்கு உதவியது.

உடலின் சொந்தத் திசு

சிறுநீர்ப்புறவழிக்கு அடியில் ஊஞ்சல் கட்டியதுபோல ஒரு பட்டையைத் தொங்கவிடும் எண்ணமும் அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியதே. 1910 முதல் 1917 வரை ஜெர்மனியின் கோபெல், ஃபிராங்கன்ஹைம், ஸ்டோக்கல் ஆகியோர் வயிற்றுத் தசையையும் தசையுறையையும் இதற்குப் பயன்படுத்தினர். 1942இல் ஆல்ட்ரிட்ஜ் வயிற்றுத் தசையுறைப் பட்டையைக் கொண்டு இதைச் செம்மைப்படுத்தினார். இது ஸ்லிங் அறுவை எனப்படுகிறது.

இரு முறைகளையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று 2007இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 655 பெண்கள் அதில் பங்கேற்றனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அழுத்தக் கசிவு நீங்கியவர்கள் தசையுறைப் பட்டை முறையில் 66 விழுக்காடு, பர்ச் முறையில் 49 விழுக்காடு. ஆனால் சிறுநீர் கழிப்பதில் சிரமப்பட்டவர்கள் பட்டை முறையில் 14 விழுக்காடு, பர்ச் முறையில் 2 விழுக்காடு. சிறுநீர்த் தொற்றும் பட்டை முறையிலேயே மிகுதி. பலன் கூடிய முறையில் தொல்லையும் கூடியிருந்தது.

வலைப்பட்டையின் வருகை

ஸ்வீடன் நாட்டின் உப்சாலாவைச் சேர்ந்த உல்ஃப் உல்ம்ஸ்டன், ஆஸ்திரேலியாவின் பீட்டர் பெட்ரோஸ் ஆகியோரின் ஆய்வுகளிலிருந்து புதிய முறை ஒன்று பிறந்தது. பாலிப்ரொப்பிலீன் என்ற நெகிழி இழையால் பின்னிய மெல்லிய வலைப்பட்டையைச் சிறுநீர்ப்புறவழியின் நடுப்பகுதிக்கு அடியில் இழுவிசையின்றி வைப்பதே அம்முறை. சிறு கீறல்கள் போதும். பலர் விரைவிலேயே வீடு திரும்பினர். 1996இல் வெளியான முதல் பதிவில் 75 பெண்களுள் 84 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின் முழுமையாகக் குணமடைந்திருந்தனர். 2001இல் பிரான்சின் டெலோர்ம், பட்டையைத் தொடையிடுக்கு வழியாகச் செலுத்தும் மாற்றுமுறையைக் கொண்டுவந்தார்.

பட்டை செல்லும் வழி மாறியதும் தொல்லைகளும் மாறின. ஏறத்தாழ 12,000 பெண்களை உள்ளடக்கிய 81 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அறுவையின்போது சிறுநீர்ப்பையில் துளை விழுந்தது இடுப்பெலும்பின் பின்புற வழியில் 4.5 விழுக்காட்டினருக்கு, தொடையிடுக்கு வழியில் 0.6 விழுக்காட்டினருக்கு. தொடையிடுக்கு வலியோ நேர்மாறாக, முன்னதில் 1.3 விழுக்காடும் பின்னதில் 6.4 விழுக்காடும் இருந்தது. பட்டை யோனிச் சுவரை அரித்து வெளித்தெரிவது இரண்டிலும் ஏறத்தாழ 2 விழுக்காடு.

2 விழுக்காடு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் உலகெங்கும் இலட்சக்கணக்கானோருக்குப் பொருத்தப்பட்ட கருவியில், நூற்றுக்கு இருவர் என்பது ஆயிரக்கணக்கான பெண்கள். மேலும் நெகிழி வலையினூடே திசு வளர்ந்து பின்னிக்கொள்வதால், பின்னாளில் அதை முழுமையாக எடுப்பது மிகக் கடினம்.

பெண்களின் குரல் கேட்கப்பட்ட காலம்

இதே வகை வலை, பெரிய துண்டுகளாக, கருப்பை மற்றும் சிறுநீர்ப்பைச் சரிவைச் சீர்செய்யவும் பயன்படுத்தப்பட்டது. இவ்விரு பயன்பாடுகளையும் பிரித்தறிவது முக்கியம். கடுமையான தொல்லைகள் சரிவுக்கான வலையிலேயே அதிகம் காணப்பட்டன.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008 அக்டோபரில் முதல் எச்சரிக்கையை வெளியிட்டது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் 1,000க்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்தன. 2008 முதல் 2010 வரை மேலும் 2,874 புகார்கள் சேர்ந்தன. அவற்றுள் 1,371 சிறுநீர்க் கசிவுக்கான பட்டை தொடர்பானவை. சரிவுக்கான வலையின் கடுமையான பின்விளைவுகள் அரிதானவை அல்ல என்று 2011 ஜூலையில் அந்நிர்வாகம் அறிவித்தது. யோனி வழியாகப் பொருத்தும் சரிவு வலைகளின் விற்பனையை நிறுத்துமாறு 2019 ஏப்ரலில் ஆணையிட்டது. சிறுநீர்க் கசிவுக்கான பட்டைகளை இவ்வாணை கட்டுப்படுத்தவில்லை.

ஸ்காட்லாந்தில் பாதிக்கப்பட்ட பெண்கள் 2014இல் நாடாளுமன்றத்தில் மனு அளித்தனர். அதே ஆண்டு வலை அறுவைகளை நிறுத்திவைக்குமாறு அங்குள்ள சுகாதார அமைச்சர் மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டார். ஆஸ்திரேலியாவில் செனட் விசாரணைக் குழுவின் அறிக்கை 2018 மார்ச்சில் வந்தது. அக்டோபரில் அரசு அப்பெண்களிடம் மன்னிப்புக் கோரியது. இங்கிலாந்தில் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 2018 ஜூலையில், கசிவுக்கான பட்டை உட்பட, வலைப் பயன்பாடு இடைநிறுத்தப்பட்டது. 2020 ஜூலையில் அக்குழு இறுதி அறிக்கையை அளித்தது. பெண்கள் வலியைச் சொன்னபோது அது மனப்பிரமை என்றும் வயதின் இயல்பு என்றும் தள்ளிவிடப்பட்டதை அவ்வறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. யாருக்கு எந்தக் கருவி பொருத்தப்பட்டது என்ற பதிவேடு இல்லாததால், எத்தனை பேர் பாதிக்கப்பட்டனர் என்பதையே கணக்கிட முடியாமல் போனதையும் சுட்டிக்காட்டியது.

வலைப்பட்டை பொருத்தப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் தொல்லையின்றி வாழ்கின்றனர் என்பதும் உண்மை. ஆகவே நலமாக இருப்பவர்கள் அஞ்சி அதை அகற்றச் செல்ல வேண்டியதில்லை. அறிகுறி உள்ளவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை.

இந்தியாவின் ஏற்பாடுகள்

மருத்துவக் கருவிகளால் விளையும் தீங்குகளைப் பதிவு செய்யும் இந்தியக் கருவிக் கண்காணிப்புத் திட்டம் 2015 ஜூலை 6 அன்று தொடங்கப்பட்டது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்துநூல் ஆணையம் இதை நடத்துகிறது. 2017இல் இயற்றப்பட்ட மருத்துவக் கருவிகள் விதிகள் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. மருத்துவர்கள் மட்டுமின்றி நோயாளிகளும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் புகாரைப் பதியலாம்.

பின்விளைவுகளை அடையாளம் காணுதல்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து திரண்ட அறிவைக் காலவரிசையில் மூன்றாகத் தொகுக்கலாம்.

முதல் சில நாட்கள்: சிறுநீர் கழிக்க முடியாமல் அடிவயிறு உப்பி வலிப்பது, பட்டை இறுக்கமாக இருப்பதன் அல்லது வீக்கத்தின் அறிகுறி. இதைப் பல மணிநேரம் பொறுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மணிநேரத்தில் ஒரு பஞ்சுப்பட்டை முழுதும் நனையும் அளவு இரத்தப்போக்கு, தலைசுற்றல், மயக்கம் ஆகியவை உள்ளே இரத்தம் கசிவதைக் காட்டலாம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், நடுக்கம், சீழ் ஆகியவை தொற்றைக் குறிக்கும். வயிறு உப்பி வாந்தியுடன் கடும் வலி இருந்தால் குடல் காயம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் இரத்தக் கட்டியின் அறிகுறிகள். இவற்றுள் எதுவாயினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடுமையாக இருந்தால் 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

முதல் சில வாரங்கள்: எரிச்சல், அடிக்கடி கழித்தல், நாற்றம் ஆகியவை சிறுநீர்த் தொற்றைக் காட்டும். முன்னில்லாத அவசர உணர்வு புதிதாகத் தோன்றலாம். நீர் நூல்போல வருவது, முன்னே குனிந்தோ எழுந்து நின்றோ கழிக்க வேண்டியிருப்பது, கழித்த பின்னும் மிச்சம் இருப்பதாகத் தோன்றுவது ஆகியவை சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகாததன் அடையாளம். ஸ்கேன் மூலம் மிஞ்சும் சிறுநீரை எளிதாக அளக்கலாம். இரவும் பகலும் இடைவிடாத ஒழுக்கு ஃபிஸ்டுலாவின் அறிகுறி. தொடையிடுக்கில் வலியோ காலில் மரத்துப்போதலோ நீடித்தால் அதையும் சொல்ல வேண்டும்.

மாதங்களும் ஆண்டுகளும் கழிந்த பின்: யோனியில் தொடர்ந்த வெள்ளைப்படுதல், மாதவிலக்கு நின்ற பிறகும் இரத்தக்கசிவு, உடலுறவின்போது வலி, கணவருக்குக் குத்துவதுபோன்ற உணர்வு ஆகியவை வலைப்பட்டை வெளித்தெரிவதைக் காட்டலாம். சிறுநீரில் இரத்தம், மீண்டும் மீண்டும் தொற்று, சிறுநீர்ப்பையில் கல் ஆகியவை பட்டை சிறுநீர்ப்பைக்குள் புகுந்துள்ளதைக் காட்டலாம். பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் இவை தோன்றக்கூடும் என்பதால், பழைய அறுவைக்கும் புதிய வலிக்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

ஆண்களுக்கும் இது பொருந்தும். புரோஸ்டேட் அறுவைக்குப் பின் கசிவு உள்ளோருக்குச் செயற்கைச் சுருக்குத்தசைக் கருவி பொருத்தப்படுவதுண்டு; ஹூஸ்டனில் பிரான்ட்லி ஸ்காட் 1970களில் இக்கருவியைப் பொருத்தத் தொடங்கினார். தொற்று, திசு அரிப்பு, கருவிப் பழுது ஆகியவை அதன் தொல்லைகள். இக்கருவி உள்ளவருக்கு, அதன் இயக்கத்தை நிறுத்தாமல் சிறுநீர்க் குழாய் செருகினால் உள்ளே காயம் ஏற்படும். எனவே எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் கருவி இருப்பதை முதலில் தெரிவிக்க வேண்டும்.

சிற்றூர்களில் கவனிக்க வேண்டியவை

எப்போதும்வென்றான் போன்ற ஊர்களில் உள்ளோர் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கோ, தூத்துக்குடி அல்லது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரைக்கோ சென்று அறுவை செய்துகொண்டு ஊர் திரும்புகின்றனர். தொல்லை வரும்போது பார்ப்பவர் பெரும்பாலும் வேறொரு மருத்துவராக இருப்பார். அவருக்கு வழிகாட்டுவது கையிலுள்ள காகிதமே. செய்யப்பட்டது தையல் முறையா, சொந்தத் தசையுறையா, வலைப்பட்டையா என்பதை விடுவிப்புச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். வலைப்பட்டை எனில் அதன் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டையும் வாங்கி, குடும்ப அட்டையோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும்.

மருத்துவர் கூறும் காலம்வரை, பொதுவாக ஆறு வாரங்கள், குடமும் மூட்டையும் தூக்கக் கூடாது. களையெடுப்புக் காலத்தில் இது கடினம்; வீட்டார் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால், கரிசல் கோடையில் தொற்றும் மலச்சிக்கலும் வரும். மலச்சிக்கலில் முக்குவது தையலுக்குக் கேடு. எரிச்சலுக்கு மருந்துக்கடையில் தானே மாத்திரை வாங்குவது உண்மையான காரணத்தை மறைத்துவிடும்.

கெல்லியின் தையல் முதல் நெகிழி வலைவரை கருவிகளும் முறைகளும் மாறிக்கொண்டே வந்துள்ளன. ஒவ்வொரு முறையிலும் எது தவறும் என்பதைப் பின்னால் வந்தவர்களுக்குத் தெரியச் செய்தது, நோயாளி சொன்ன சொல்லும் அதை எழுதிவைத்த பதிவும். கரிசல் ஊர்ப் பெண் ஒருத்தி வெட்கத்தை விட்டு, "ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி இருக்கு" என்று செவிலியரிடம் சொல்லும்போது அவளுக்குத் தக்க நேரத்தில் சிகிச்சை கிடைக்கிறது. அதைக் கேட்பவர் எழுதியும் வைத்தால், அடுத்து அதே அறுவைக்குச் செல்லும் பெண்ணுக்கும் அது காவலாகிறது.